நூற்றுக்கு நூறில் நான்

கணக்கெடுப்பு ஆபீஸில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருக்கும் என் தம்பிக்கு, அக்கா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுவது. நான் நலம், முழங்கால் தவிர. நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று.

போன வருஷம் உங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "வீட்ல எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியுமா சார்?" என்றாள். என் மகன் மீசையைத் தடவிக்கொண்டு, "என்னங்க கேள்வி இது? எல்லாருக்கும் தெரியும்" என்றான். எனக்குத் தெரிந்தது கையெழுத்து மட்டும். அதுவும் நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து போட வேண்டும். அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் ஒரு வரியை நீட்டி, "படிங்கம்மா" என்று சொல்லியிருக்கக் கூடாதா? தெருவில் எல்லாப் பிள்ளைகளும் இப்படியே அளந்துவிட்டிருக்கிறார்கள். எங்கள் வட்டாரம் எழுத்தறிவில் நூற்றுக்கு நூறாம், பேப்பரில் வந்துவிட்டது. உடனே நூலகத்துப் பின்னறையில் இந்த டீச்சர் நடத்திய மாலை வகுப்பைப் பூட்டிவிட்டார்கள். பஸ் போர்டில் பாதியைப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தேன். அதற்குள் பஸ் போய்விடும், அது வேறு விஷயம்.

"நான் இருக்கேனே டீச்சர்" என்றேன். "நீங்க இருக்கீங்க பாட்டி, கணக்குலதான் இல்ல" என்றாள். உங்கள் ஆபீஸுக்கே போனேன். குமாஸ்தா, "படிக்கத் தெரியாதுன்னு உங்க கைப்பட ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றான். "எழுதிட்டா தெரியும்னு ஆயிடுமேப்பா?" "அப்ப திருத்த வேண்டியதே இல்லையே!"

அதனால் உன்னைக் கேட்கிறேன். நூறில் ஒன்றைக் குறைத்துவிடு, வகுப்பைத் திறப்பார்கள். இரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் 'ழ' பாதி வளைந்திருந்தபோது, நீ பிறந்துவிட்டாய் என்று என்னைப் பாதியில் கூட்டிவந்தார்கள். உன் தொட்டிலை ஆட்டினேன். என் மடியை நனைத்தாய். பிறகு நீ பள்ளிக்கூடம் போனபோது பையைத் தூக்கி வந்ததும் நான்தான். சண்டைக்குச் சொல்லவில்லை. "நானும் போறேம்மா" என்று அன்று கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கும்தான், ஓட்டைக் குக்கரை என் தலையில் கட்டியவள் என்றாலும்.

பின்குறிப்பு: குறைக்க வேண்டாம். எதிர்வீட்டுக்காரி இப்போதுதான் வந்து போனாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இன்று "எந்த வகுப்பு?" என்கிறாள். "தொண்ணூத்தொம்போதுன்னு வந்தா அந்த ஒருத்தி யாருன்னு தெருவே தேடுமே, உங்க பையன் மூஞ்சிய எங்க வச்சுக்குவான்?" என்றாள். நூறு நூறாகவே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை யார் எழுதியது என்று உன் வீட்டில் கேட்டால், அக்காவே கைப்பட எழுதினாள் என்று சொல்லிவிடு.