கீறல் அண்ணனின் கேமரா போன்

தன் கடைச் சரக்கைத் தானே காட்டிக்கொடுத்து விற்ற ஒரே வியாபாரி, பெங்களூரில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே கீறல் அண்ணன் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலையோடு வந்து பார்க்கிறேன்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஏதாவது ஒரு புனிதரின் பெயரை வைத்திருப்பார்கள். விவேக் நகரில் அது யாருக்கும் நினைவில்லை. பழைய கட்டில், பீரோ, மேஜை வாங்கி விற்கிற கடை அவருடையது. வயது நாற்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. கேமரா வைத்த கைபேசிகள் வந்த புதிதில், அந்தத் தெருவிலேயே முதலில் வாங்கியவர் அவர்தான். வாங்கியதிலிருந்து கையும் போனுமாகவே திரிந்தார்.

நான் அப்போதுதான் வாணியம்பாடியிலிருந்து வந்து, தொம்மலூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விவேக் நகரில் ஒரு அறை கிடைத்தது. தரையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டதால் ஒரு கட்டில் தேவைப்பட்டது. கடைப் பலகையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

“அலையாதம்மா. போட்டோ அனுப்பறேன், பாத்துட்டு அப்பறமா வா” என்றது குரல்.

மறுநாள் ஆபீசில் இருந்தபோது படம் வந்தது. தபால்தலை அளவுத் திரையில் ஒரே பழுப்பு நிறம், நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. சந்திர கிரகணம் மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, “யாருக்கு பல்லு எடுக்கறாங்க?” என்று கவலையோடு கேட்டாள்.

நான் மறுபடி போன் செய்தேன். “அண்ணே, கட்டில் போட்டோ கேட்டேன்.”

“கட்டில்தாம்மா அது. பின்னங்கால். கரையான் சாப்ட்ட இடம். மருந்து அடிச்சு அடைச்சாச்சு. ஆனா ஓட்டை இருக்குதுல்ல?”

“சரிண்ணே, முழுக் கட்டில் எப்படி இருக்கும்?”

“கட்டில் மாதிரிதான் இருக்கும். நாலு கால், மேல பலகை. அது உனக்கே தெரியும். தெரியாததைத்தானே நான் சொல்லணும்?”

அன்று மதியம்தான், வாடிக்கையாளர்களின் கைபேசிக்குப் படங்களை அனுப்பி மனத்தை மயக்குவது எப்படி என்று எங்கள் மேலதிகாரி திரையில் காட்டிப் பேசினார். அவர் காட்டிய படங்களில் எல்லோரும் சிரித்தார்கள், எல்லாம் பளபளத்தது. என் மனம் மட்டும் கரையான் ஓட்டையை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் அந்த மனிதரைப் பார்த்தே தீர்வது என்று போனேன். ஒரு மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணே...”

“அசையாத. வெளிச்சம் மாறுது” என்றன கால்கள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் ஒட்டடை, ஒரு கையில் டார்ச், மறு கையில் போன். அந்தக் கரையான் கட்டிலையே வாங்கிக்கொண்டேன்; அதன் பிறகு சாயங்காலமானால் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கீறலின் நீளம் தெரியவேண்டும் என்று பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் படம் எடுப்பார். கிரீச்சிடும் கட்டிலாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, போனைக் கட்டில் அருகில் பிடித்துக்கொண்டு அதை ஆட்டுவார். “கேட்டுச்சா? வலது பக்கம் திரும்பினா இன்னும் சொல்ப ஜாஸ்தி” என்பார், கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில். அவருக்கு ஒரே ஒரு துக்கம்தான். பாச்சா உருண்டை வாசனை போகாத பீரோ ஒன்று கடையில் நின்றது. “வாசனைய அனுப்பற மாதிரி போன் எப்பம்மா வரும்? நீ விளம்பரத்துல இருக்கியே, கேட்டுச் சொல்லேன்” என்று என்னை நச்சரிப்பார்.

விசித்திரம் என்னவென்றால், சரக்கு போனது. மேஜை வாங்க வந்த, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சேலத்துப் பையனிடம் காரணம் கேட்டேன். “மத்த கடையில என்ன குறை இருக்குன்னு தெரியாதுங்க. இங்க இவ்ளோதான்னு தெரிஞ்சுபோச்சு. பயம் இல்ல” என்றான்.

ஒரே ஒரு தேக்குக் கட்டில் மட்டும் மாதக்கணக்கில் விலைபோகவில்லை. தலைமாட்டில் யாரோ ஒரு குழந்தை காம்பஸால் யானை வரைந்திருந்தது. அவர் அந்த யானையை ஐந்து கோணத்தில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் கேமராவைக் கொண்டுவந்து, கட்டிலில் வெள்ளை விரிப்பு விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். கம்ப்யூட்டரில் யானையை அழித்தேன். அவர் போனில் ஏற்றி, அவர் ஒட்டடை அடிக்கும் நேரமாகப் பார்த்துப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடை வாசலில் கூட்டம். கீறல் அண்ணன் முதல் ஆளின் போனை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தக் கட்டில் எங்கிட்ட இல்லீங்க. எங்கிட்ட இருக்கறதுல யானை இருக்குது. மன்னிச்சிக்கணும்.”

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். திட்டவில்லை. “பாவம்மா. அந்தக் கொழந்தை எவ்ளோ கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கும்” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்கு அடுத்த மாதம்தான் ஸ்டெல்லா வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது, அவர் அனுப்பிய படம் வந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிழை பார்க்கும் பிரிவு. வயது நாற்பது, வீட்டில் அவரும் அம்மாவும். எங்கள் அண்ணனிடம் ஒரு மர பீரோ வாங்கியிருந்தார். மூன்று குறைகளைப் படத்தில் பார்த்துச் சரி என்று சொல்லித்தான் வாங்கினார். ஒரு வாரம் கழித்து நான் கடையில் இருந்தபோது அண்ணனின் போன் கத்தியது. திரையில் ஒரு கம்பளிப்பூச்சி மாதிரி ஏதோ தெரிந்தது. கீழே செய்தி: “நீங்க சொன்னது மூணு. இது நாலாவது. டிராயர் அடியில ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு.”

அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன்.

“இத நான் பாக்கலியேம்மா!” என்றார். கண் இரண்டும் மின்னின. “இத்தினி வருசத்துல என் கண்ணுக்குத் தப்புனத ஒருத்தரும் புடிச்சதில்ல. யாரும்மா இந்தப் பொண்ணு?”

சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பொம்மனஹள்ளிக்கே போய்விட்டார்.

பிறகு ஐந்தாவது குறை வந்தது, ஆறாவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் சுத்தியலும் ஆட்டோவும் போயின. ஒன்பதாவது படத்தைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.

“அண்ணே, இந்தக் கீறல் புதுசா இருக்கே?”

டார்ச் வெளிச்சத்தில் திரையை உற்றுப் பார்த்தார். “ஆமாம்மா. சாவியால போட்டது. ரெண்டு நாள்தான் இருக்கும்.” டார்ச்சை அணைத்தார். “நல்ல மரத்தை எதுக்கும்மா சாவியால கீறணும்?”

“யோசிச்சுப் பாருங்கண்ணே.”

யோசித்தார். முதலில் காது சிவந்தது, அப்புறம் கழுத்து.

மறுநாள் தன்னைப் படமெடுக்கச் சொல்லி என் கையில் போனைக் கொடுத்தார். தலை வாரி வந்திருப்பதைப் பார்த்து முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் முதுகைக் காட்டி நின்றார்.

“பின்னால சொட்டை இருக்குது. அத எடு.”

அப்புறம் சின்ன வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த இடது கால் விரல்கள், அப்புறம் ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை. மூன்றையும் அனுப்பி, “இந்தக் குறையோட ஏத்துக்குவீங்களா?” என்று கேட்டு எழுதச் சொன்னார். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

இரண்டு நாள் பதில் இல்லை. அண்ணன் படமே எடுக்கவில்லை. வந்தவர்களிடம், “கட்டில் நல்லாத்தான் இருக்குது, எடுத்துட்டுப் போங்க” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதும் பக்கத்துப் பேக்கரிக்காரர் பயந்துபோய், “அண்ணே, ஆஸ்பத்திரி போலாமா?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள் போன் கத்தியது. படத்தில் ஒரு வயதான அம்மா, போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். செய்தியை நான்தான் படித்தேன்: “எங்கம்மா என்கூடத்தான் இருப்பாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் இதக் கேட்டுத்தான் போயிட்டாங்க. எனக்குக் கோபமும் ஜாஸ்தி. அதைப் போட்டோ எடுக்க முடியல.”

“அந்தம்மா எப்படிம்மா குறையாவாங்க?” என்றார் கீறல் அண்ணன். சட்டென்று எழுந்து சுத்தியலைத் தேடினார்.

“அண்ணே, ஆணி எதுவும் இல்லியே?”

“இல்லதான். வெறுங்கையோட போய்ப் பழக்கமில்லம்மா” என்று கிளம்பிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவில்லை. போனில் இருந்த நம்பர் அத்தனைக்கும் குறுஞ்செய்தி போனது. கட்டில் வாங்கினவனெல்லாம் கல்யாணத்துக்கா வரப்போகிறான் என்று ஒரு சின்னக் கூடத்தைப் பிடித்தோம். வந்தார்கள். சேலத்துப் பையன் ஆபீசையே கூட்டிக்கொண்டு வந்தான். விமான நிலையத்துப் பக்கமிருந்து, ஒசூர் ரோட்டிலிருந்து, குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கினார்கள். உட்கார இடமில்லை. ஆளனுப்பிக் கடையைத் திறக்கச் சொன்னார் மாப்பிள்ளை. கோட்டுப் போட்டவர்களும் பட்டுப்புடவைக்காரிகளும் ஆளுக்கொரு நாற்காலி, பெஞ்சு என்று தூக்கிக்கொண்டு தெருவழியே நடந்தார்கள். ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு இருப்பதிலேயே நல்ல சாய்வு நாற்காலி முதல் வரிசையில் போடப்பட்டது.

எனக்குக் கடைசியாக மிஞ்சிய நாற்காலி கிடைத்தது. மாலையும் கோட்டுமாக, பெண்ணை மேடையிலேயே நிற்க வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார் கீறல் அண்ணன்.

“அதுல உக்காராதம்மா. முன்கால் ஆடும். நம்பாத அத.”

“நான் பாத்துக்கறேன். நீங்க போங்கண்ணே, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

சாப்பாடு முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகும், ஆடும் என்று தெரிந்தே உட்கார்ந்த அந்த நாற்காலியை விட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.