ஆறு துறைகள் சேர்ந்து நடக்கவைத்த ஆள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யார் தலை என்பதை மட்டும் கேட்கக் கூடாது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சில சொற்களைக் குறைத்ததுண்டு, அதுவும் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்.

"உங்க பக்கம் மட்டும் வெள்ளையா இருக்கு," என்றார் டீன்.

அவர் மேசைமேல் விரித்துவைத்திருந்தது, பல்கலைக்கழகத்தின் நல அறிவியல் புலம் ஆண்டுதோறும் வெளியிடும் சாதனை மலரின் அச்சுப்படி. மாணவர், பட்டதாரி, ஆசிரியர் என எல்லோருடைய சாதனையும் வண்ணப் படத்தோடு அதில் வரும். எதிரே உட்கார்ந்திருந்தவர் பிசியோதெரபித் துறையின் மூத்த பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் முதுகார். நேராக உட்காருவது எப்படி என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்தி, அதிலேயே முதுகுவலி வந்து, ஊர்க்கோடியில் ஒரு டாக்டரிடம் தொப்பி போட்டுக்கொண்டு போய்வருகிறவர்.

"மத்தவங்களைப் பாருங்க," என்று டீன் பக்கங்களைப் புரட்டினார்.

பார்க்க வேண்டியவைதான். நர்சிங் மாணவிகள் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் கைகழுவிச் சாதனை படைத்திருந்தார்கள். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. கழுவுவதுபோல் கையை மட்டும் தேய்த்தார்கள். சாதனை சாதனைதானே. மருந்தியல் பேராசிரியர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். சாட்சிக்கு விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் படம். ஊட்டச்சத்துத் துறைத்தலைவரின் கட்டுரையை உலக அளவில் மூன்று பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். இருவர் அவருடைய மாணவர்கள். மூன்றாமவர் அவரே.

"துறைத்தலைவர் நாற்காலி காலியா இருக்கு. உங்களுக்குத்தான்னு நினைச்சேன். ஒரு சாதனையும் இல்லேன்னா உங்க துறையைப் பல் மருத்துவத்தோட சேர்த்துடுவாங்க. பல் மேடம் பார்த்துக்குவாங்க."

"முதுகெலும்பைக் கொண்டுபோய்ப் பல்லுக்குக் கீழ வைக்கறதா சார்?"

"உடம்புலயும் அங்கதானேய்யா இருக்கு?"

பல் மேடத்தின் அறை வாசலில் விடுப்புக் கடிதத்தோடு காத்து நிற்கும் காட்சி முதுகாரின் கண்ணில் ஓடியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், ஒரு நோயாளி இருக்கார். பல வருஷமா படுத்த படுக்கை. என் சிகிச்சையில இப்ப எழுந்து நடக்கறார்."

டீன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதையாய்யா இத்தனை நாளா மறைச்சீங்க? விழா மேடையில நடக்கட்டும்!"

அப்படி ஒரு நோயாளி இல்லை என்பதுதான் அதிலிருந்த ஒரே குறை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் "வெளியூர் வேலை" என்பான். மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டிருந்த அவனைப் பார்த்ததும் முதுகாருக்கு வழி தெரிந்தது.

"மாப்ள, ஒரு உதவி. மேடையில சக்கர நாற்காலியில வரணும். நான் சொன்னதும் எழுந்து நடக்கணும்."

மச்சான் வாயிலிருந்ததை மென்று முடித்தான். "எந்தக் கால் மாமா?"

"ரெண்டும்."

"அழணுமா?"

"வேண்டாம். நடந்தாப் போதும்."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்றாள் மனைவி. "கல்லுமாதிரி இருக்கறவனைக் கால் விளங்காதவன்னு சொல்லிக்கிட்டு! நாளைக்கு எவ பொண்ணு குடுப்பா?"

"இப்ப மட்டும் க்யூவுல நிக்கறாங்களாக்கும்?" என்றார் முதுகார்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சாதித்தால் மற்றவர்களும் பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்க்க மறுத்தால், "அப்ப நோயாளியைக் கொஞ்சம் காட்டுங்களேன், பார்க்கலாம்" என்பார்கள். முதுகார் யாரையும் மறுக்கும் நிலையில் இல்லை.

முதலில் வந்தவர் பல் மேடம்தான். "நடைக்கு அடிப்படையே தாடைதான் சார். தாடை நேரானா முதுகு நேராகும், முதுகு நேரானா கால் நேராகும். எங்க பங்கும் இதுல இருக்கு."

"அவருக்குப் பல்லுல ஒரு குறையும் இல்லையே மேடம்?"

"இல்லாட்டி என்ன? உண்டாக்கிக்கலாம்."

மறுநாளே மச்சானின் கடைவாய்ப் பற்கள் இரண்டு போய்விட்டன. முன், பின் என இரண்டு படங்களும் மலருக்குப் போயின.

அடுத்து ஊட்டச்சத்துக்காரர். "எடை குறைஞ்சதாலதான் கால் தாங்குதுன்னு ஒரு வரி போட்டுக்கறேன். ஆனா எடை குறையணும் இல்ல?" மச்சானுக்கு உப்பில்லாமல் வேகவைத்த காய் மட்டும் என்று முடிவானது. அதையும் பல் போன பக்கத்தைத் தவிர்த்து மென்றாக வேண்டும்.

மருந்தியல்காரர் பச்சை நிறத்தில் ஒரு திரவத்தோடு வந்தார். "இது எதுக்கு சார்?" என்று மச்சான் கேட்டதற்கு, "அதைக் கண்டுபிடிக்கத்தான் குடுக்கறோம்," என்றார். அன்றிலிருந்து மச்சானின் பகல் பொழுது பெரும்பாலும் கழிவறையில் கழிந்தது.

நர்சிங் துறைத்தலைவி தங்கள் பயிற்சி வார்டில் ஒரு கட்டிலைக் காட்டினார். "நீண்ட நாள் படுத்திருந்தும் படுக்கைப்புண் வரலேங்கறதுதான் எங்க சாதனை. அதுக்கு நீங்க நீண்ட நாள் படுத்திருக்கணும் தம்பி. அசையாதீங்க."

கடைசியாக மனநலத் துறை. "இவர் ரொம்ப உற்சாகமா இருக்காரே," என்று அந்தப் பேராசிரியர் கவலைப்பட்டார். "நம்பிக்கையை இழந்தாத்தானே நாங்க மீட்டுக் குடுக்க முடியும்?" தினமும் காலையில் கட்டிலருகே உட்கார்ந்து, மச்சானின் படிப்பு, வேலை, வயது, கல்யாணம் எல்லாவற்றைப் பற்றியும் மென்மையான குரலில் விசாரித்தார். நம்பிக்கை போய்விட்டது. மீட்டுக் கொடுப்பதற்குள் அவருக்கு விடுமுறை வந்துவிட்டது.

"கூட்டு முயற்சி!" என்று டீன் பூரித்துப்போனார். "ஒரே நோயாளி, ஆறு துறை. அட்டைப் படமே இவர்தான்."

விழாவன்று காலை, முதுகார் மச்சானை அழைத்துவர வார்டுக்குப் போனார். மனைவியும் கூடப் போனாள்.

"மாப்ள, எழுந்திரு. ஒரு தடவை நடந்து பார்த்துக்கலாம்."

மச்சான் காலைத் தொங்கப்போட்டான். நின்றான். கால்கள் இரண்டும் அடுத்தவருடையவைபோல் மடங்கின. கட்டிலிலேயே பொத்தென்று விழுந்தான்.

"விளையாடாதடா."

"விளையாடலே மாமா. நிஜமாவே வரலே."

மனைவி இடுப்பில் கைவைத்தாள். "அனுப்பும்போது குதிச்சுக்கிட்டு வந்தான். ஆறு துறை சேர்ந்து ஒருத்தனை முடமாக்கியிருக்கீங்க. என் தம்பியை நடக்கவெச்சுட்டு வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா அந்த நாற்காலியிலயே குடித்தனம் பண்ணுங்க."

நடக்க முடியாத ஒருவரை நடக்கவைப்பது எப்படி? அப்போதுதான் முதுகாருக்கு ஒன்று உறைத்தது. அது தன்னுடைய பாடம். தெரிந்திருக்க வேண்டும். ஓடிப்போய், தானே எழுதிய பாடநூலை எடுத்துப் புரட்டினார். 'நோயாளியால் எழுந்து நிற்க இயலாவிடில், தகுந்த நிபுணரை உடனே அணுகவும்' என்று எழுதியிருந்தது. அழகான நடைதான். யார் அந்த நிபுணர் என்பதுதான் அதில் இல்லை.

அரங்கு நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினர் இன்னொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், கண் மருத்துவர். துறைத்தலைவர் நியமனக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவர் தலையாட்டினால் நாற்காலி.

சக்கர நாற்காலியைத் தள்ள, விடுமுறையில் போயிருந்தவர் உட்பட ஆறு பேராசிரியர்களும் முண்டியடித்தார்கள். பிடிக்க இரண்டு கைப்பிடிதான் இருந்தது. இடம் கிடைக்காத மருந்தியல்காரர் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போது, அவையோரே..." என்று டீன் ஒலிபெருக்கியில் முழங்கினார். "எழுந்து நடங்கள்!"

மச்சான் முதுகாரைப் பார்த்தான். முதுகார் கூரையைப் பார்த்தார். மச்சான் கைகளை ஊன்றி எழுந்தான், ஆடினான், சரிந்து போய்ப் பல் மேடத்தின் காலடியில் விழுந்தான்.

பிடித்திருந்த கைகள் அனைத்தும் ஒரே நொடியில் விலகின.

"தாடையில ஒரு பிசகும் இல்ல," என்றார் பல் மேடம் குனியாமலே. "பிரச்சினை அதுக்குக் கீழ."

"எடை குறைக்கறது எங்க பொறுப்பு. குறைஞ்சிருக்கா இல்லையா?"

"மருந்து குடுத்தது நான். குடிச்சது அவர்."

"புண் ஒண்ணுகூட இல்ல, வேணும்னா திருப்பிக் காட்டறேன்," என்று நர்சிங் தலைவி மச்சானைப் புரட்டப் போனார்.

"கால் உங்க துறைய்யா!" என்று டீன் முதுகாரின் காதில் சீறினார்.

தரையில் ஒரு மனிதன் கிடக்கிறான். மேடையில் ஆறு துறைகள், கீழே எத்தனையோ பதக்கங்கள், பட்டங்கள். தூக்கிவிட ஒரு கை வரவில்லை. ஆனால் படம் எடுக்க முந்நூறு கைபேசிகள் உயர்ந்தன. பல் மேடத்தின் பார்வை முதுகார்மீது விழுந்தது. விடுப்புக் கடிதத்தை வாங்கிப் பார்க்கப்போகிற பார்வை.

முதுகார் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"பார்த்தீர்களா அவையோரே! இதுதான் சிகிச்சைக்கு முந்தைய நிலை! எவ்வளவு கடுமையான நோய் என்பதை உங்களுக்குக் காட்டவே இவரை இப்படியே அழைத்து வந்தோம். ஆறு துறைகளும் கைகோர்த்து, அடுத்த ஆண்டு இதே மேடையில் இவரை நடக்கவைப்போம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. விலகிய பேராசிரியர்கள் ஓடிவந்து மச்சானை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். டீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலி கிடைத்துவிட்டது என்று முதுகாருக்கு உறுதியாகிவிட்டது; முதுகுவலிகூடக் குறைந்ததுபோலிருந்தது.

நோயாளிக்கு நினைவுக் கேடயம் வழங்கச் சிறப்பு விருந்தினர் குனிந்தார். குனிந்தவர், முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்துவிட்டார். சட்டையில் செருகியிருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"போன வருஷம் எங்க மேடையில பார்வை கிடைச்சவன் நீதானே? இப்ப கால் வேஷமும் கட்ட ஆரம்பிச்சுட்டியா, தம்பி?"