சுவருக்குள் பஞ்சு, வீட்டுக்குள் வெயில்

கூபர் பெடி,
டிசம்பர் கடைசி வாரம்.

மதிப்பும் அன்பும் நிறைந்த வோயின் மச்சானுக்கு ரத்கோ எழுதிக்கொள்வது. அடிலெய்டில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை லூபிட்சா சுகம். நான் சுகமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பாதியாக லாரியில் வந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓப்பல் கல் தோண்டிய கையாலேயே மலைக்குள் வீடு குடைந்து முப்பது வருஷம் வாழ்ந்தவன் நான். வெளியே வெயில் கல்லைப் பிளந்தாலும் உள்ளே போர்வை கேட்கும். வயதான காலத்தில் அதை விட்டுத் தரைக்கு மேலே ஏறினேன் என்றால், ஒன்று, லூபிட்சா ஜன்னல் கேட்டாள். இரண்டு, நீங்கள் போனில் சொன்னீர்கள்: "சுவருக்குள்ள கண்ணாடிப் பஞ்சு திணிச்சு வச்சிருக்கோம் மாப்ள. வெயில் வந்து பாக்கும், வெளியவே நின்னுட்டுப் போயிடும்." இந்த வார்த்தையை நம்பித்தான் ஏறினேன்.

வசந்த காலம் முழுக்க உங்களை வாழ்த்திக்கொண்டிருந்தேன். முதல் பெரிய வெயில் அன்றுகூட மத்தியானம் வரை உள்ளே நிழலாகத்தான் இருந்தது. பக்கத்துக் கிரேக்கன் ஸ்டாவ்ரோஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் மச்சான் மாதிரி உண்டா என்று பெருமை பேசினேன். அவன், "சாயங்காலம் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் குகைக்கு இறங்கிப் போனான். சாயங்காலம் மேற்குச் சுவர் என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக அடுப்பு மூட்டியது. வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் போன் போட்டேன், நினைவிருக்கும்.

"மச்சான், வெயில் உள்ள வந்துருச்சு."

"வரத்தான் செய்யும் மாப்ள. பஞ்சு அதை மெதுவாத்தான் விடும், அடியோட நிறுத்திடாது."

"வெளியவே நின்னுடும்னு சொன்னீங்களே."

"கொஞ்ச நேரம் நிக்கும்னு அர்த்தம்."

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை அன்றே கேட்டிருக்க வேண்டும். பிறகு சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். வரி வரியாகச் சுடுகிறது. ஒரு பட்டை கை வைக்க முடியவில்லை, அடுத்த பட்டை வெதுவெதுப்பு, மறுபடியும் சூடு. தட்டிப் பார்த்தால் சுடுகிற இடத்திலெல்லாம் உள்ளே சுவரைத் தாங்கும் இரும்புக் கால் நிற்கிறது. பஞ்சு கால்களுக்கு நடுவில்தான் இருக்கிறது, அதனால் வெயில் பஞ்சோடு மல்லுக்கட்டாமல் இரும்பைப் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிடுகிறது. மீதி வெயில் லூபிட்சாவின் ஜன்னல் வழியே ராஜநடை போட்டு வருகிறது. கண்ணாடிக்கு வெள்ளித்தாள் ஒட்டினேன். கிழித்துவிட்டாள். "சுவத்தப் பாக்கறதுக்கா மேல வந்தோம்?" என்றாள்.

இதையும் பொறுத்திருப்பேன். எங்கள் குலப் புனிதர் நிக்கோலாஸ் திருநாள் வந்தது. நம் செர்பியாவில் பனி கொட்டும் நாள். நடுக்கோடையான இங்கே என்ன கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். குகையிலேயே வைத்துக்கொள்வோம் என்றேன். புது வீட்டில்தான் என்றாள். விடிந்ததிலிருந்து அடுப்பில் பன்றி இறைச்சி வேகிறது, பிறகு ரொட்டி. அடுப்புச் சூடு எங்கே போகும்? வெயிலை உள்ளே விடாத உங்கள் பஞ்சு, உள்ளே இருப்பதை வெளியேயும் விடாது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்கு மேல் பன்னிரண்டு விருந்தாளிகள், ஒவ்வொருவரும் ஒரு கணப்பு. மேற்குச் சுவரோரம் ஏற்றி வைத்த தேன்மெழுகுவர்த்தி பாதிரியார் ஜெபம் தொடங்கியதுமே மெல்லக் குனிந்து, அவர் காலைத் தொடுவதுபோல் வளைந்து அணைந்தது. அவர் பாவம், கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்ச ஜெபத்தை வெளிய நின்னு சொல்லலாமே, காத்து வருது" என்றார். குலப் புனிதரைத் தெருவில் வைத்துக் கும்பிட்ட குடும்பம் இந்த ஊரில் நாங்கள் மட்டும்தான். ஸ்டாவ்ரோஸ் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்று, "நல்ல வீடுப்பா ரத்கோ. வாசல் ரொம்பக் குளிர்ச்சி" என்றான்.

மறுநாள் பிற்பகல் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது லூபிட்சா ஜன்னலோரம் வாளித் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் செங்கல் நிறம். பேச்சு குழறியது. தூக்கிக்கொண்டு குகைக்குப் போய்ப் படுக்கவைத்தேன், ஈரத்துணி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். என் கை நடுங்கியதை அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன். தெளிந்ததும் எழுந்து மேலே போகப் புறப்பட்டாள்.

"போகாத லூபிட்சா. செத்துடுவ."

"செத்தப்புறம் மண்ணுக்குள்ள எவ்வளவு காலம் இருக்கப் போறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வெளிய இருந்துட்டுப் போறேங்க."

நானும் அவள் பின்னாலேயே ஏறிவிட்டேன், மச்சான். அவளோடு மேலேதான் இருக்கிறேன். இருவரும் சரியாகத் தூங்குவதில்லை, சுவர் எப்போது ஆறும் என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். உங்கள் பேச்சைத்தான் அவள் கேட்பாள். ஆகையால் தயவுசெய்து ஒருமுறை வந்து அவளுக்குப் புத்தி சொல்லிக் கீழே இறக்கிவிட்டு, போகும்போது இந்த வீட்டை வந்தபடியே இரண்டு பாதியாக எடுத்துக்கொண்டு போகவும்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். புனிதர் நிக்கோலாஸ் உங்கள் வீட்டையும், நீங்கள் அனுப்பிய வீட்டில் இருப்பவர்களையும் காக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
ரத்கோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் லூபிட்சா கடிதத்தை வாங்கிப் படித்தாள். கை நடுங்கிய இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு, "வெயில் காலம் முடியற வரைக்கும்தான்" என்று தானே குகைக்கு இறங்கிவிட்டாள். நானும் போனேன். அருமையான குளிர்ச்சி, அவள் நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் ஒரு நாளுக்கு மேல் முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். முப்பது வருஷம் இதைப் பார்த்துக்கொண்டா இருந்தேன் என்று ஆச்சரியமாக இருக்கிறது. காபி குடிக்க மேலே வந்தவன் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஸ்டாவ்ரோஸ் நாயோடு போகிறான், வானம் சிவக்கிறது, சுவர் சுடுகிறது. லூபிட்சா குகைப் படியில் நின்று, "சாப்பாடு ஆறுது, எறங்கி வாங்க, உங்களுக்கென்ன பைத்தியமா" என்கிறாள். வீட்டை எடுத்துப்போக வர வேண்டாம், மச்சான். வருவதானால் இன்னொரு ஜன்னல் கொண்டு வாருங்கள். தெற்குச் சுவரில் வைத்துக்கொள்கிறேன், அந்தப் பக்கம் வெயில் குறைவு.