காரியமில்லாமல் பன்னிரண்டு மைல்

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் ஆனி மாதத்தில், ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்த எங்கள் பெரிய துரை திரும்பி வந்து, மனிதனுக்குக் கால்கள் இருக்கின்றன என்ற விஷயத்தை ஆபீசுக்குத் தெரியப்படுத்தினார்.

சீமையில் அப்போது அதுதான் மோஸ்தராம். சனிக்கிழமை வந்தால் கனவான்கள் அரை நிஜாரை மாட்டிக்கொண்டு, முதுகில் பையும் கையில் தடியுமாக மோட்டாரில் ஊருக்கு வெளியே போய், அங்கே இறங்கி நடப்பார்களாம். ராத்திரி கூடாரத்தில் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புவார்களாம். இதற்கு ஹைக்கிங் என்று பெயர். துரை வந்த மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது.

"இவ்வாபீஸ் சிப்பந்திகளின் தேகமும் சித்தமும் ஒருங்கே மந்தமடைந்திருப்பது மிகுந்த விசனத்துடன் கவனிக்கப்பட்டிருப்பதால், இனி வேலை நிரந்தரம் கோருவோர், யாதொரு காரியமுமின்றிப் பன்னிரண்டு மைலுக்குக் குறையாமல் நடந்து, வெட்டவெளியில் ஓர் இரவு தங்கியதற்கு, முத்திரையுள்ள சர்க்கார் அதிகாரியின் அத்தாட்சி தாக்கல் செய்ய வேண்டியது. நடக்கும் ஸ்தலத்துக்கு மோட்டாரில் போய்ச் சேர வேண்டியது."

நிரந்தரம் கோரியவர் ஒருவர்தான். எனக்குப் பக்கத்து மேஜை ஸ்டானிஸ்லாஸ். பதினோரு வருஷமாக ஆக்டிங் குமாஸ்தா. யாருக்குப் பதிலாக ஆக்டிங் பார்த்தாரோ அந்த மனிதர் இறந்தே எட்டு வருஷம் ஆகிறது. வீடு காலடிப்பேட்டையில். ரயில் ஓடுகிறது; ஆக்டிங் சம்பளம் ரயில் ஏறாது. ஆகவே தினமும் நாலு மைல் நடந்து வருவார், நாலு மைல் நடந்து போவார்.

அவர் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க் தேவப்பிரியத்திடம் சந்தோஷமாகப் போனார்.

"ஐயா, நான் தினம் எட்டு மைல் நடக்கிறேன். பதினோரு வருஷமாக."

"யார் இல்லை என்றது? எதற்கு நடக்கிறீர்?"

"ஆபீசுக்கு வர."

"அது காரியம். காரியத்தோடு நடந்தால் வெறும் நடை. இல்லாதவன் நடக்கிற நடை. காரியமில்லாமல் நடந்தால்தான் ஹைக்கிங்."

"திரும்பிப் போகும்போது?"

"வீட்டுக்குத்தானே போகிறீர்? அதுவும் காரியம்."

"கோடை முழுக்க வெட்டவெளியில்தான் ஐயா படுக்கிறேன்."

"உள்ளே புழுக்கம் தாங்காமல் படுக்கிறீர். காரணம் இருக்கிறது. செல்லாது."

"நடப்பதற்கு மோட்டார் எதற்கு ஐயா?"

தேவப்பிரியம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மோட்டாரில் போகக்கூடியவன் நடந்தால்தான் அது நடப்பதாகும். இது தெரியாமல்தான் பதினோரு வருஷமாக ஆக்டிங்கில் இருக்கிறீர்."

மோட்டாருக்கு ஸ்டானிஸ்லாஸ் வியாசர்பாடிக்கு ஓடினார். அங்கே அவருடைய சிநேகிதன் ஜெயவேல், ஒரு கருவாட்டு மண்டிக்காரரின் பழைய ஃபோர்டு காரை ஓட்டிக்கொண்டிருந்தான். பின் ஸீட்டைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கருவாட்டு மூட்டை ஏற்றுகிற வண்டி அது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சும்மா நிற்கும்.

"இன்னா மாமு, நடக்கறதுக்கு காரா?"

"ஆமாம்பா. ஆர்டர்."

"தூங்கறதுக்கு முழிச்சிகினு இருக்கணும்னு ஆர்டர் வர்றதுக்குள்ள பர்மனென்ட் வாங்கிடு. நான் வரேன்."

கூடாரத்துக்கு மீன்பிடிக்கிற கஸ்பார் தன் கட்டுமரத்தின் கிழிந்த பாயை இரவல் கொடுத்தார். அரை நிஜாருக்கு வேறு வழியில்லை. ஸ்டானிஸ்லாஸின் மனைவி இருதயம்மாள், அவர் கோயிலுக்குப் போட்டுப் போகிற ஒரே நல்ல கால்சட்டையை முழங்காலோடு வெட்டித் தைத்தாள்.

"சும்மா நடக்கறதுக்கு இம்மாம் வேலை கீது. காரியமா நடந்தா ஒரு வேலையும் இல்ல," என்றாள். சட்டி, அரிசி, மிளகாய்த்தூள், தீப்பெட்டி எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தாள். உப்பை மட்டும் மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வாசலிலிருந்து கார் கிளம்பியது. எண்ணூருக்குப் போகிற வழி காலடிப்பேட்டைதான். பதினோரு வருஷம் நடந்த அதே சாலையில் ஸ்டானிஸ்லாஸ் காரில் போய், தன் வீட்டைத் தாண்டி, நடப்பதற்காக மேலும் வடக்கே போனார். திருவொற்றியூரைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பேரும் இறங்கி எண்ணூர் வரைக்கும் மூன்று மைல் தள்ளினார்கள்.

"இந்த மூணு மைலு கணக்குல சேரும்ல மாமு?"

"சேராதுப்பா. வண்டி தள்றது காரியம்."

எண்ணூர் கழியோரம் பாயை விரித்துக் கட்டினார்கள். அங்கே ஒரு பனைமரம். அரை மைல் தள்ளி ஒரு எல்லைக்கல். மரத்திலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து மரத்துக்குமாகப் பன்னிரண்டு நடை. ஸ்டானிஸ்லாஸ் ஜெயவேலையும் கூட்டிக்கொண்டு வெகு ஜாக்கிரதையாக நடந்தார். வழியில் நல்ல விறகு கிடந்தும் குனிந்து எடுக்கவில்லை; எடுத்தால் அது காரியமாகிவிடும். ஏழாவது நடையில், குப்பத்தில் நண்டு விற்கிற பூவம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னாத்த தேடிக்கினு கீறீங்க?"

"ஒண்ணும் தேடலம்மா."

"யாராச்சும் முழுகிட்டாங்களா?"

"இல்லம்மா. சும்மா நடக்கிறோம்."

அவள் அரை நிஜாரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வூட்ல சண்டைன்னா பேசித் தீத்துக்கணும் நைனா. இப்டி வந்துடக் கூடாது." போகிறபோது மனசு கேட்காமல் நாலு நண்டு கொடுத்தாள். உப்பு இல்லை என்று ஜெயவேல் சொன்னான். "அவ்ளோ கடல் கீது, உப்பு இல்லன்றியே? அந்தத் தண்ணியிலயே வேவ வையி. நாங்க இன்னா செய்யறோம்?" என்றாள்.

அப்படியே செய்தார்கள். நண்டு நன்றாக இருந்ததாம். மிச்சத் தண்ணீரோடு சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பன்னிரண்டு மைல் களைப்பில் தூங்கிவிட்டார்கள். விடிந்து பார்த்தபோது சட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு பிடி உப்பு படிந்திருந்தது. சட்டிக்குப் பக்கத்தில் உப்பு இலாகா இன்ஸ்பெக்டரும் இரண்டு சேவகர்களும் நின்றிருந்தார்கள்.

அது எந்த வருஷம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். சித்திரையிலிருந்து தேசம் முழுக்க ஜனங்கள் கடற்கரைக்கு நடந்து போய், கடல் தண்ணீரைக் காய்ச்சி, உப்புச் சட்டத்தை மீறி ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எதற்காக இங்கே வந்தீர்கள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நடக்க வந்தோம்."

"என்ன காரியமாக?"

"ஒரு காரியமும் இல்லை."

"காரியமில்லாமல் கடற்கரைக்கு நடக்கிறவனைப் பிடிக்கத்தான் என்னை இங்கே போட்டிருக்கிறார்கள்."

ஸ்டானிஸ்லாஸ் சுற்றறிக்கையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் வெளுத்தது.

"தடி, பை, நடை, வெட்டவெளி. சத்தியாக்கிரகக் கோஷ்டிக்கும் இதே அடையாளம்தான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கீழே துரை கையெழுத்து இருக்கிறதே?" பிறகு காரை மோந்து பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "இதோ பாருங்கள், கருவாடு வாங்க வந்தோம் என்று எழுதிக் கொடுங்கள். சட்டியைக் கழுவிவிட்டுப் போகலாம்."

"நான் கருவாடு வாங்கத்தான் வந்தேன் சார். பொறந்ததுலேர்ந்து எனக்கு அதான் வேலை," என்று ஜெயவேல் உடனே கைநாட்டு வைத்தான்.

ஸ்டானிஸ்லாஸ் பேனாவைத் தொடவில்லை. "கருவாடு வாங்க வந்தேன் என்றால் காரியமாக நடந்தேன் என்று ஆகிவிடுமே?"

"ஆகும். அதனால்தான் விடுகிறேன்."

"உங்களிடம் சர்க்கார் முத்திரை உண்டா?"

"உண்டு."

"அப்படியானால் காரியமில்லாமல் நடந்தேன் என்றே எழுதுங்கள். பன்னிரண்டு மைல் என்பதையும் சேர்த்து."

"மாமு, வாணாம். உள்ள தள்ளிடுவாங்க."

"பதினோரு வருஷம்பா," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

இதை ஜெயவேல் என்னிடம் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நானும் அந்த வருஷங்களை எண்ணிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் அந்த ஒரு பிடி உப்பையும் அரை நிஜாரையும் பார்த்துவிட்டு, கோர்ட்டு கலையும்வரை காவல் என்று தண்டனை விதித்தார். ஸ்டானிஸ்லாஸ் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை காலை அதை ஹெட் கிளார்க் மேஜையில் வைத்தார்.

தேவப்பிரியம் சத்தமாகப் படித்தார். "எதிரியானவர் யாதொரு காரியமுமின்றிப் பன்னிரண்டு மைல் நடந்ததும், வெட்டவெளியில் ஓர் இரவு தங்கியதும் சந்தேகத்துக்கிடமின்றி ருஜுவாகிறது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அத்தாட்சி என்றால் இதுவல்லவா அத்தாட்சி. கோர்ட்டே ருஜு செய்திருக்கிறது." பிறகு பக்கத்தைத் திருப்பினார். அங்கே தண்டனை இருந்தது.

தண்டனை பெற்றவரை ஆபீசில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஆக்டிங் சிப்பந்தியை டிஸ்மிஸ் செய்ய விதி கிடையாது. மேலாபீசுக்கு எழுதி உத்தரவு வர ஒரு வருஷம் ஆகும். நிரந்தரச் சிப்பந்தியையோ அன்றைக்கே டிஸ்மிஸ் செய்யலாம். ஆகவே காலை பதினோரு மணிக்கு ஸ்டானிஸ்லாஸை நிரந்தரமாக்கி உத்தரவு பிறந்தது. துரை எழுந்து நின்று கை குலுக்கினார். மூன்று மணிக்கு டிஸ்மிஸ் உத்தரவு பிறந்தது. இரண்டையும் நல்ல பிரதி எடுத்தவன் நான்.

"நாலு மணி நேரம் பர்மனென்ட்டா இருந்தேன்," என்று ஸ்டானிஸ்லாஸ் வீட்டில் சொன்னாராம். இருதயம்மாளோ, வெட்டியெடுத்த கால்சட்டைத் துணி கிடைத்தால் மறுபடி சேர்த்துத் தைக்கலாமா என்று தேடிக்கொண்டிருந்தாளாம்.

இப்போது அவர் வேலை தேடித் தினமும் திருவொற்றியூர் சாலையில் நடக்கிறார். போன வாரம் துரை காரில் போகும்போது அவரைப் பார்த்துவிட்டு, கூட இருந்த தேவப்பிரியத்திடம் சொன்னார்: "அதோ பார். வேலை போன பிறகும் விடாமல் ஹைக்கிங் போகிறான். நம் சிப்பந்திகளில் ஒருவனுக்காவது புரிந்ததே."

அவருடைய இடத்தில் இப்போது ஆக்டிங் பார்ப்பது நான்தான். நிரந்தரம் கோரி வருகிற சனிக்கிழமை நானும் எண்ணூருக்குப் போகிறேன். ஜெயவேலிடம் காரைக் கேட்டாகிவிட்டது. அரை நிஜாரை வாங்கிவர நேற்று காலடிப்பேட்டைக்குப் போனேன். இருதயம்மாள் அதைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். மேலே, மறக்காமல், ஒரு பொட்டலம் உப்பும் வைத்திருந்தாள்.