பாஸ்வேர்டை அரைத்த சங்கரநாராயணன்

சுரண்டையில் சுகமாக இருக்கும் மாப்பிள்ளை கௌரிசங்கர் அவர்களுக்கு, தென்காசியிலிருந்து மச்சான் குத்தாலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சாரல் நன்றாக விழுகிறது. தங்கை முத்துவடிவை நான் விசாரித்ததாகச் சொல்லவும். என்னைத்தான் இப்போது யாரும் விசாரிப்பதில்லை.

நம் ஓய்வூதியர் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவை இத்தனை வருடம் நடத்தியவன் நான். மாதம் பிறந்தால் அவரவர் பாஸ்வேர்டை அவரவருக்கே மெயிலில் அனுப்பிவைக்கும் நல்ல சாஃப்ட்வேர் அது. அதையும் தொலைத்தவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். "அண்ணாச்சி, என் பாஸ்வேர்டு என்னது?" என்று சங்கத்து உறுப்பினர் பிச்சையா கேட்பார், நான் திறந்து பார்த்துச் சொல்வேன். கலெக்டருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. போன மாதம் அலிமா டீச்சர் அந்த மெயிலை பிரவுசிங் சென்டரில் திறந்தபடியே விட்டு வந்துவிட்டார். சொந்த மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டாம். எவனோ உள்ளே புகுந்து, டீச்சர் பெயரில் ஊர் முழுக்க முடி வளரும் தைலத்துக்கு விளம்பரம் அனுப்பிவிட்டான், வழுக்கை விழுந்த நம் சங்கத் தலைவருக்கும் சேர்த்து. டீச்சர் கூட்டத்தில் அழுதுவிட்டார். உடனே எழுந்தார் பெங்களூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் சங்கரநாராயணன். "பாஸ்வேர்ட மெயில்ல அனுப்புதது போஸ்ட் கார்டுல எழுதுத மாதிரி. இனிமே கம்ப்யூட்டர் அத அரைச்சுத்தான் வைக்கும். நீங்க போடுததையும் அரைச்சு ஒப்பிட்டுப் பாக்கும். மாவ திருப்பி அரிசியாக்க முடியாதுல்லா? யாரும் பாக்க முடியாது, அண்ணாச்சியும்தான்." எல்லோரும் கைதட்டினார்கள். பிச்சையா கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். குழுவையும் சங்கரநாராயணனிடமே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் போன் அடிக்கவில்லை. ஐந்தருவிக்குக் குளிக்கப் போனபோது அவருடைய துண்டைப் பிடிக்க ஆளுக்கு ஆள் போட்டி; என் மூக்குக்கண்ணாடியை வாங்கிவைக்க ஒருவரும் இல்லை, நனைந்தபடி கையிலேயே வைத்திருந்தேன். வீட்டில் உமா மகேஸ்வரியும், "எம்புட்டு பதவிசா புரிய வைக்காரு, நீங்களும் இருக்கியளே" என்கிறாள். வயிறு எரிகிறது மாப்பிள்ளை. ஒருவருக்கும் தெரியாத பாஸ்வேர்டு எதற்கு? மறந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அந்த ஆளுடைய குழுவிலிருந்து நீங்கள் உடனே விலகிவிடவும்.

குற்றாலநாதர் உங்கள் குடும்பத்தை நல்லபடியாக வைக்கட்டும்.

அன்புள்ள,
குத்தாலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சங்கரநாராயணனே வீட்டுக்கு வந்தார். மகள் பிரசவத்துக்காக வெளிநாடு போகிறாராம். குழுவை ஒப்படைக்க என்னை விட்டால் நம்பிக்கையான ஆள் இல்லையாம். தங்கமான மனிதர். மேலே உள்ளதைக் கிழித்துவிடவும். அரைத்து வைப்பதுதான் சரியான முறை. நீங்களும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம். உங்கள் பழைய பாஸ்வேர்டில் வரும் அந்தக் கோமதி யார் என்று தங்கையிடம் நான் இதுவரை கேட்டதில்லை.