ஈறுக்குப் பந்தல் போடும் அத்தைக்கு

அடுத்த அறையில் இருக்கும் அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா விழித்துவிடாமல் போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுவதால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். நாளை என் ஈறில் நீங்கள் செய்யவிருக்கும் அறுவைச் சிகிச்சையிலிருந்து எனக்கு விலக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் திறமையில் சந்தேகம் இல்லை. பாத்திரம் விளக்குவதுபோல் பல் விளக்கி, கோரைப் பல்லின் ஈறு மேலேறி, வேர் வெளியே தெரிந்து, தண்ணீர் பட்டாலே உயிர் போனபோது, திட்டாமல் வாய்க்குள் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். ஒரு தலைமுடியை ஆயிரக்கணக்கான நூலாகக் கிழித்ததுபோன்ற நானோ இழைகளால் ஆன சவ்வை ஈறுக்கு அடியில் வைப்பீர்கள், கொடி பந்தலில் படர்வதுபோல் என் செல்கள் அதைப் பிடித்துப் படரும், பிறகு பந்தல் தானே கரைந்துவிடும் என்று நீங்கள் சொன்னபோது சாப்பிட மறந்து கேட்டேன். கண்ணுக்கே தெரியாததைக் கீழே போட்டால் எப்படித் தேடுவாய் என்று அப்பா கேட்டார். இழைதான் தெரியாது, சவ்வு தெரியும் என்றீர்கள். அம்மா நாத்தனாரை விட்டுக்கொடுக்காமல், "தலையில கண்ணாடிய வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுறவர் பேசுற பேச்சா இது?" என்றார். அப்பா தலையைத் தடவினார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். படுத்த பிறகுதான் அக்கா காதில் சொன்னாள்: "எங்க நிக்கணும்னு அந்த ஈறுக்கு யாருடி சொல்றது? படர ஆரம்பிச்சா எல்லாப் பல்லையும் மூடிட்டுத்தான் ஓயும். அப்புறம் உனக்கு வெறும் பால்தான்." அதிலிருந்து தூக்கமே வரலை அத்தை. நம் கொல்லைக் கொடி ஜன்னலையே மூடியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பல் நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சிரிக்காமல் வாழப் பழகிக்கொள்கிறேன்.

உங்களுக்கு என் வணக்கம், உங்கள் கத்திக்கு அல்ல.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை இதுவரை தட்டாத மருமகள்.

பி.கு.: கதவடியில் இதைத் தள்ள வந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நீங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உரித்த தக்காளித் தோலை மறுபடி பழத்தின்மேல் இழுத்து மெல்லிய நூலால் தைத்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில் அது நின்றது. "அவ்வளவுதான்டா தங்கம், முடிஞ்சிடுச்சு" என்று தக்காளிக்கு ஆறுதலும் சொன்னீர்கள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. காலையில் முதல் ஆளாக வண்டியில் உட்கார்ந்திருப்பேன். வெளியே நின்று சத்தமில்லாமல் கைதட்டியது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் இதைக் கிழிக்கவில்லை. தக்காளி எங்கே என்று அம்மா கேட்டால், அக்கா தின்றுவிட்டாள் என்று சொல்லிவிடுகிறேன்.