ராணிக்கு வாங்கிய வெயில்

உத்திரமேரூரில் வெயிலை ஸ்விட்ச் போட்டு வரவழைத்து, ஸ்விட்சை அணைத்து வழியனுப்பிய ஒரே ஆள் எங்கள் கடல் அக்காதான். அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அவள் பார்லரையும் என் தையல் கடையையும் ஒரு பிளைவுட் தடுப்புதான் பிரித்தது. அந்தப் பக்கம் அவள் நூலை வைத்துப் புருவம் திருத்துவாள், இந்தப் பக்கம் நான் ஜாக்கெட் தைப்பேன். ஊர்க்கதை மட்டும் தடுப்பை மதிக்காமல் போய் வந்துகொண்டிருக்கும்.

பார்லருக்குள் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நிஜமான கடல் தண்ணீர். எங்கள் ஊரில் பெரிய தண்ணீர் என்றால் ஏரிதான். அக்காவுக்கு அது போதவில்லை. ராமேஸ்வரம் பக்கம் சுற்றுலா போனபோது அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றிப் பவளப்பாறை காட்டினார்களாம். அங்கிருந்து திரும்பி வந்தது அவள் உடம்பு மட்டும்தான்.

அவள் வீட்டுக்காரர் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுபவர். நான் மாமா என்பேன். மாமல்லபுரம் பக்கம் எந்த விசேஷத்துக்கு லைட் கட்டப் போனாலும், வேன் திரும்பும்போது பால் கேன் நிறையக் கடல் தண்ணீர் வர வேண்டும். ஃபேஷியலுக்கு வரும் பெண்கள் முகத்தில் பூசிய ஃபேஸ் பேக்கோடு எழுந்துபோய், தொட்டியில் விரல் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "நெசமாவே உப்புதான்டீ" என்று சான்றிதழ் கொடுப்பார்கள்.

தொட்டியின் மகாராணி ஒரு பவளம். பெயரே ராணி. கல்லாக இறுகும் பவளத்தையெல்லாம் வீட்டில் வைக்கச் சட்டம் விடாதாம்; இது தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் வகை. காளான் குடை விரித்தது போல நின்றுகொண்டு, குடையின் மேலே நூற்றுக்கணக்கான குட்டி விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

விஷயம் பக்கத்து ஊரான பெருநகர் வரைக்கும் பரவி, ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"பவளம் வளக்கறியாமே? எம் பொண்ணுக்கு செவ்வா தோஷம் கீதுமா. ஒரு மோதரத்துக்கு ஆவற மாரி சின்னதா கிள்ளிக் குடு."

"கிள்றதா? உன் காத கிள்ளி மோதரத்துல வெச்சிக்கினு போ! உசுருய்யா அது!"

பெரியவர் குனிந்து ராணியைப் பார்த்தார். ராணி ஏலக்காய் டீ நிறத்தில் இருந்தது. "செவப்பாவே இல்லியே, இன்னா பவளமோ" என்று நொந்துகொண்டே போய்விட்டார்.

ராணியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். வெளிச்சம் பட்டால் அதுதான் ராணிக்குச் சமைத்துப் போடுமாம். "வெளிச்சம்தான்டி அதுக்கு சோறு" என்றாள் அக்கா. அந்தச் சோற்றைத் தேடப் போய்த்தான் எங்கள் தெருவே தலைகீழானது.

மாமா முதலில் திருவிழாவுக்குக் கட்டும் ஃபோகஸ் லைட்டைக் கொண்டுவந்து மாட்டினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெந்நீராகி, ராணிக்குத் துணையாக விட்டிருந்த ஆரஞ்சு மீன்கள் இரண்டும் ரசத்தில் விழுந்த தக்காளி மாதிரி மூலையில் ஒதுங்கின. டியூப் லைட் போட்டார். ராணி கழுத்தை வளைத்து ஜன்னல் பக்கம் பார்த்தது. நீல எல்இடி போட்டார். ராணி ஜொலித்தது, சந்தேகமில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிச்சயதார்த்தப் பெண் கண்ணாடியைப் பார்த்து அலறினாள். அவள் அம்மா, "இன்னாம்மா இது, ஏரில உயுந்தவள எடுத்தாந்த மாரி கீறா எம் பொண்ணு!" என்று கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் அக்கா பிளாஸ்மா லைட் பற்றிப் படித்தாள். "பல்பு மொச்சக்கொட்ட அளவுதான்டி. உள்ள கீற வாயுவ ரேடியோ அலை வுட்டு எரிய வெப்பாங்களாம். மின்னல புடிச்சி அடைச்சி வெச்ச மாரி. அப்பிடியே சூரியனாட்டம் வெளிச்சம்!"

"மெஷினு ஜாஸ்தி கரண்டு இய்க்குமே" என்றார் மாமா.

"நீ கூடத்தான் ஜாஸ்தி சோறு துன்ற. நான் இன்னா வெரட்டியா வுட்டேன்?"

சென்னையில் ஒருவர் எல்இடிக்கு மாறிவிட்டு, தன் பழைய பிளாஸ்மா விளக்கை விற்கிறார் என்று தெரிந்தது. அக்கா போய் வாங்கி, துப்பட்டாவில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் வந்து நின்றாராம்.

"இன்னாம்மா அது மடியில?"

"சூரியன்."

"லக்கேஜ் டிக்கெட் எடு."

மாட்டிய அன்று தெருவே பார்லருக்குள் இருந்தது. ஸ்விட்ச் போட்டதும் விளக்கு முனகிக்கொண்டே மங்கலாகக் கண் திறந்தது. "அவ்ளோதானா?" என்றார் மாமா. அவர் வாயை மூடுவதற்குள் ஏறியது பாருங்கள் வெளிச்சம்! தொட்டியின் அலை சுவரில் ஏறி, கூரையில் ஓடி, எங்கள் முகத்திலெல்லாம் நெளிந்தது. பார்லர் மொத்தமும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ஷாம்பு பாக்கெட் வாங்க வந்த ஒரு பெண், "சும்மா உக்காந்துட்டுப் போறேங்க்கா" என்று உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள்.

எனக்கும் அதில் லாபம் உண்டு. பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் துணி ஒத்துப் போகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மழை நாளில் எதிர் மெஸ் அம்மா ஒரு முறத்தில் கூழ்வடகத்தோடு வந்து நின்றாள். "உன் வெயிலு சும்மாதானே போவுது, ஓரமா வெச்சிட்டுப் போறேன்." அக்கா அவளைத் துரத்திய வேகத்தில் முறம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

கரண்டு போய் வந்தால் அந்த விளக்கு உடனே எரியாது. சூடு ஆறிய பிறகுதான் மறுபடி கண் திறக்கும். "உன்ன மாரியே கீது" என்பார் மாமா, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த வெளிச்சம் பொய் சொல்லாது. முகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிடும். வாடிக்கைப் பெண்கள் சிலர் மெல்ல நழுவினார்கள். அக்கா கவலைப்படவில்லை. ராணி கொழுத்துக்கொண்டிருந்தது, அது போதும் அவளுக்கு.

அந்த ராணிதான் ஒரு நாள் காலையில் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக்கொண்டது. மறுநாளும் திறக்கவில்லை. மெழுகு பூசியது போல ஒரு பளபளப்பு, சாம்பல் நிறம், தொங்கிய குடை. அக்கா விளக்கை அணைத்தாள். விற்றவருக்கு ஃபோன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. நாஷ்டா கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை.

"ஆசப்பட்டு நானே ராணிய சுட்டுட்டேன்டி" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

இப்படி நாலைந்து நாள் போனபோது, மானாம்பதியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். சாயங்காலம் ரிசப்ஷன். "அந்த சூரியன் லைட்டுலதான் மேக்கப் போடணும்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தவள்.

"லைட்டு போட முடியாதும்மா. ராணிக்கு ஒடம்பு சரியில்ல."

"யாருக்கா ராணி?"

அக்கா தொட்டியைக் காட்டினாள். அந்தப் பெண் போய்ப் பார்த்தாள். அவள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, "பாவம்மா அது" என்று நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். "நெச வெயில்தான் இங்க கீதே. இங்கியே போடுங்கக்கா."

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் பெருநகர்க்காரர்கள்கூட நம்புவதில்லை. சாலை ஓரத்தில் நாற்காலி. அதில் பட்டுப்புடவையில் பெண். மாமா ஒரு ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்து வெயிலை அவள் முகத்துக்கு வளைத்துக்கொண்டிருந்தார். எதிரில் வந்த மானாம்பதி பஸ்ஸின் டிரைவர் கண் கூசி நிறுத்தினார், நிறுத்தியதும் வேடிக்கையில் கிளப்ப மறந்தார். ஜன்னலெல்லாம் தலை.

"எடது கன்னத்துல பவுடர் கம்மியா கீது பாரு!"

"பொட்ட கொஞ்சம் மேல ஏத்துமா!"

"வாய மூடிக்கினு டிக்கெட் எடுங்கய்யா" என்று அக்கா மை தீட்டிக்கொண்டே கத்தினாள்.

ஹேர்பின் எடுக்க உள்ளே போன நான் தொட்டியைப் பார்த்தேன். ராணியின் மேலிருந்து மெல்லிய ஜவ்வு ஒன்று பிரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் எனக்கே காது அடைத்தது.

"அக்கா! ராணி தோலு உரியுதுக்கா!"

ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய பெண்ணை விட்டுவிட்டு அக்கா ஓடிவந்தாள். பின்னால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண். அதன் பின்னால் அவள் அம்மா, மாமா, பாதி பஸ், கண்டக்டர். ஜவ்வு சுருண்டு விலகிய இடத்தில் ராணி புத்தம்புதுசாக இருந்தது. ஓரத்தில் குட்டி விரல்கள் நாலைந்து எட்டிப் பார்த்தன.

அக்கா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். தொட்டி அதிரச் சிரித்தாள்.

"ஃபேஷியல் பண்ணிக்கினுகீதுடி! எங்கிட்ட சொல்லாம எங்கடையிலியே ஃபேஷியல் பண்ணிக்கினுகீது! இப்பிடி தோலு உரிக்கும்னு படிச்சேன்டி. நம்ம வூட்டுல நடக்கறப்போ ஒண்ணுமே ஞாபகம் வரல."

"சூரியன போடுங்கம்மா, நாங்களும் பாக்கறோம்" என்றார் கண்டக்டர்.

போட்டாள். விளக்கு முனகி, மங்கி, ஏறியது. கல்யாணப் பெண்ணின் இன்னொரு கண்ணுக்கு மை அந்த அலை வெளிச்சத்தில்தான் விழுந்தது. பஸ் எவ்வளவு தாமதமாகப் போனதென்று யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்லருக்குள்தான் இருந்தார்கள்.

போன வருஷம் நான் கடையைக் காலி பண்ணிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தேன். கிளம்பும் அன்று சொல்லிக்கொள்ளப் போனேன்.  அக்கா என்னை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்தாள், "இந்தப் புருவத்தோட ஊரு வுட்டு ஊரு போனா எம்பேரு கெட்டுப்போவும்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது.

"வலிக்குதாடி?" என்றாள்.

"ஆமாங்க்கா" என்றேன்.

அவள் இன்னும் நூலைக் கையில் எடுக்கவே இல்லை.